நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோ நடக்கும்போது சீன மூலிகைக் கஷாயம் எடுப்பது எப்படி

சீனாவின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் நுரையீரல் புற்றுநோய்க்கு கீமோ ஏற்றும்போதே மூலிகைக் கஷாயமும் எழுதித் தருகிறார்கள். உடம்பைத் தேற்றும் இந்த முறைக்கு ‘ஃபூ ஜெங்’ என்று பெயர். ஹுவாங் ச்சீ, தாங் ஷென் போன்ற வேர்கள் இதில் அடிக்கடி வரும். சோர்வும் பசியின்மையும் குறைவதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. ஆனால் பெரும்பாலும் சிறியவை, உறுதியாக நம்பும் அளவுக்குக் கவனமாகச் செய்யப்படாதவை. கட்டியைத் தாக்குவது கீமோதான். கஷாயத்தை நம்பி ஒரு சுற்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

முதல் வேலை, பட்டியல். ஒவ்வொரு மூலிகைக்கும் சீனப் பெயர், தாவரவியல் பெயர், செடியின் எந்தப் பாகம், நாளுக்கு எத்தனை கிராம் என்று வைத்தியரிடம் எழுதி வாங்கி, புற்றுநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரை என்றால் டப்பாவையே கொண்டுபோங்கள். காதில் விழுந்த பெயரை நம்ப முடியாது: தாங் ஷென் உடம்பைத் தேற்றும் வேர்; தான் ஷென் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வேர். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடை குறைக்கும் மாத்திரையில் ஹான் ஃபாங் ஜி என்ற வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்த குவாங் ஃபாங் ஜி என்ற வேறொரு வேர் சேர்ந்துவிட்டது. அதிலிருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால் நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் கெட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயும் வந்தது. இருமலுக்கு முன்பு கொடுத்துவந்த மா தோவ் லிங் காயிலும் இதே அமிலம் உண்டு. சிஸ்பிளாட்டின் தனியாகவே சிறுநீரகத்தைப் பாதிக்கும் கீமோ மருந்து. குவாங் ஃபாங் ஜி, மா தோவ் லிங் இரண்டில் ஒன்று பட்டியலில் இருந்தாலும் அந்தக் கஷாயம் வேண்டவே வேண்டாம்.

அடுத்து கான் சாவ், நம் அதிமதுரத்தின் இனம். பல கஷாயங்களில் மற்ற மூலிகைகளை ஒத்துப்போக வைக்கவும் சுவைக்காகவும் சேர்ப்பதால் யார் கண்ணிலும் படாது. இது பொட்டாசியத்தைக் குறைத்து ரத்த அழுத்தத்தை ஏற்றும். சிஸ்பிளாட்டினும் பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டையும் சிறுநீரில் வெளியேற்றும். வாந்தியும், வாந்தியைத் தடுக்கத் தரும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் பொட்டாசியத்தை இன்னும் குறைக்கும். கெண்டைக்கால் பிடித்து இழுப்பது, நெஞ்சு படபடப்பது இதன் அடையாளம். அதிமதுரம் இல்லாமல் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கார்போபிளாட்டின், ஜெம்சிடபின் ஆகிய கீமோ மருந்துகள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கும். அந்த நேரத்தில் ‘தான் ஷென்’, ‘தாங் குவெய்’ என்ற இரண்டு வேர்களும் ஆகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. இருமலுக்குத் தரும் வூ வெய் ஸி, கல்லீரலில் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும். டோசிடாக்செல் போன்ற கீமோ மருந்து அதனால் ரத்தத்தில் அளவுக்கு மேல் தங்கலாம்.

முதல் சுற்றைக் கஷாயம் இல்லாமலே முடிப்பது நல்லது. கீமோ மட்டும் உடம்பை என்ன செய்கிறது என்று அப்போதுதான் தெரியும். பிறகு தொடங்கினாலும் மருந்து ஏறும் நாளிலும் அதையொட்டிய நாட்களிலும் நிறுத்துங்கள். முன்னும் பின்னும் எத்தனை நாள் என்பதை உங்கள் மருந்தைப் பார்த்து புற்றுநோய் மருத்துவர் சொல்லட்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் முன் ரத்த அணுக்கள், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம், கல்லீரல் நொதிகள் பார்க்க வேண்டும். முந்தைய அறிக்கையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

காய்ச்சுவதற்கு மண்சட்டியோ எவர்சில்வரோ போதும், இரும்பு வேண்டாம். மூலிகை மூழ்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கொதி வந்ததும் சிறுதீயில் 30 நிமிடம் வையுங்கள். வடிகட்டி, அதே சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, இரண்டையும் கலந்து காலை மாலை குடிக்கலாம். வெள்ளையணு குறைந்திருக்கும்போது பழையது ஆகாது, அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். ஃபூ ஸி என்ற நச்சு வேர் சேர்ந்த கஷாயம் வேண்டாம். அது சரியாக வேகாவிட்டால் உதடும் நாக்கும் மரத்து, இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

கீமோ ஏறி 7 முதல் 14 நாளுக்குள் வெள்ளையணு மிகக் குறையும். அப்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் ‘சூட்டைத் தணிக்கும்’ மூலிகை தேடி நேரத்தைக் கடத்தாமல், இரவானாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கண் மஞ்சளானாலும், சிறுநீர் கருத்தாலும் குறைந்தாலும், ஈறில் ரத்தம் கசிந்தாலும் கஷாயத்தை அன்றே நிறுத்திவிட்டு, பட்டியலோடு மருத்துவரைப் பாருங்கள்.