முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் பேஷியலுக்கு ஓடாதீர்கள்

கல்யாணத் தேதி நெருங்கினால் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா பக்கத்துப் பியூட்டி பார்லர்களில் உட்கார இடம் கிடைப்பதில்லை. மணப்பெண், அம்மா, அத்தை, தோழிகள் என எல்லாருக்கும் ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகிவிட வேண்டும். நம் தோல் கெடுவதற்கு முதல் காரணமே இந்த அவசரம்தான்.

மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நிறமி சட்டென்று தூண்டப்படும். ஒரு பரு, ஒரு கீறல், வாக்ஸிங்கில் லேசான எரிச்சல், எது வந்து போனாலும் அந்த இடம் கறுக்கும். சிவப்பு சில நாளில் அடங்கிவிடும். கறுப்பு போக மாதக்கணக்கில் ஆகும். அதனால் இதுவரை போட்டுப் பழகாத பிளீச், பீல் (மேல்தோலை உரிக்கும் பூச்சு), பேஷியல் எதுவானாலும் கல்யாணத்துக்குச் சில மாதம் முன்பே செய்து பார்த்துவிடுங்கள். அதற்கும் முன்னால் காதுக்குப் பின்புறம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பருவுக்கும் சுருக்கத்துக்கும் ரெட்டினால் கிரீம் போடுகிறவர்கள் அதை நிறுத்தாமல் முகத்தில் வாக்ஸ் செய்தால் தோல் உரிந்து வந்துவிடலாம். பார்லரில் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்: பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலும் இணைய நேரலையிலும் விற்கும் ‘ஒரே வாரத்தில் வெள்ளை’ கிரீம்கள். இப்படிப்பட்டவற்றில் பாதரசம், நிறம் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், பரு மருந்தான டிரெட்டினோயின், ஸ்டீராய்டு கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகிறது. பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு முதலில் முகத்தை மினுமினுக்க வைக்கும். அந்த மினுமினுப்பில்தான் ஏமாந்துபோகிறோம். போகப்போகத் தோல் மெலிந்து சின்ன இரத்தக் குழாய்கள் தெரியும். நிறுத்தினாலோ முகம் முழுக்கச் சிவந்து பருவாய் வெடிக்கும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் கண்காணிப்பில்லாமல் வருடக்கணக்கில் போட்டால், நீலம் கலந்த கறுப்பாய் ஒரு திட்டு படியும். அது எளிதில் போகாது.

மலேசியாவில் முறையாக விற்கும் அழகுசாதனப் பொருளுக்கு அறிவிப்பு எண் இருக்கும்: என், ஓ, டி என்ற எழுத்துகளில் தொடங்கும், நடுவில் எண்கள், கடைசியில் கே. எண்ணைப் பார்த்ததோடு நிற்காதீர்கள், பொய் எண்ணும் அச்சிடுகிறார்கள். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையத்தளத்தில் பொருளின் பெயரைத் தட்டி, அது இன்னும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

லேசர் விஷயத்திலும் மலிவு விலையைப் பார்த்து இறங்காதீர்கள். முடி நீக்க ஐ.பி.எல். என்ற பலத்த ஒளித் துடிப்பை அடிக்கும்போது அந்த ஒளி முடியின் கறுப்பைத் தேடிப் போகும். நம் தோலிலும் நிறமி நிறைய இருப்பதால் அங்கேயும் சூடு ஏறிக் கொப்பளிக்கலாம். 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் நம் நிறத்துக்கு அதைவிடப் பாதுகாப்பானது. எந்தக் கருவி, செய்கிறவர் யார் என்று கேளுங்கள். அழகு சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சுகாதார அமைச்சின் தனி அங்கீகாரம் வேண்டும். வெள்ளையாக்குகிறேன் என்று பார்லரில் ஊசியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமாக நான் நினைப்பது கழுத்துக் கறுப்பு. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் துணிபோல் தடித்துக் கறுத்தால், அழுக்கு என்று பிள்ளைகளைப் பீர்க்கங்கூடு போட்டுத் தேய்க்கிறோம், எலுமிச்சை தடவுகிறோம். எலுமிச்சைச் சாறோடு வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும். பெரும்பாலும் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். பேஷியலுக்குக் கொடுக்கும் காசை வைத்துக்கொண்டு அரசுக் கிளினிக்குக்குப் போங்கள். 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்லலாம். எடை குறைந்து சர்க்கரை கட்டுக்குள் வந்தால் கறுப்பும் மெல்ல மங்கும்.

கோலாலம்பூர் பூமத்திய ரேகைக்கு 3 பாகை வடக்கே இருக்கிறது, மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் வந்து சேரும். சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்தப் பேஷியலும் வீண்.

ஸ்பாவுக்குப் போகும்போது கர்ப்பம், இரத்த அழுத்தம், இதய நோய் எதையும் மறைக்காதீர்கள். இவை உள்ளவர்களுக்கு நீராவி அறை ஆகாமல் போகலாம். புக்கிட் பிந்தாங்கில் கால் பிடித்துவிடும் கடைக்கு அம்மாவை அன்போடு அழைத்துப் போகிறோம். சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதம் மரத்திருந்தால் சூடு தெரியாது, தண்ணீரில் கால் வெந்தாலும் ‘சுகமா இருக்குய்யா’ என்பார்கள். அவர்கள் காலை வைக்குமுன் நீங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். பாதத்தில் வெடிப்போ புண்ணோ இருந்தால் அன்றைக்கு வேண்டாம். தேய்த்துவிடும் கல்லும் பாதத்தைக் கொத்தும் மீன் தொட்டியும் அவர்களுக்கு எப்போதுமே வேண்டாம்.