மரத்தளம் கிறீச்சிட்டால் ஆணியைக் கையில் எடுக்காதீர்கள்

பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இரண்டொரு நாளில் போட்டு முடிக்கக்கூடிய லேமினேட் மரத்தளம், சில மாதங்களில் கால் வைத்த இடமெல்லாம் கிறீச்சிடத் தொடங்கினால், வீட்டுக்காரர் முதலில் அழைப்பது தச்சரை. தச்சர் முதலில் எடுப்பது பெரும்பாலும் ஆணியை அல்லது ஸ்குருவை. சத்தமிடும் பலகையைக் கீழே இறுக்கிவிட்டால் அடங்கிவிடும் என்ற கணக்கு பழைய மரமாடிகளுக்குப் பொருந்தும். அங்கே பலகை உத்தரத்தின் மீது அறையப்பட்டிருக்கும். ஆணி தளர்ந்தால் சத்தம் எழும், மறுபடி அறைந்தால் நிற்கும். லேமினேட் தளத்தில் அதே வைத்தியத்தைச் செய்வது சத்தத்தை இன்னொரு மூலைக்குத் துரத்துவதில்தான் முடியும்.

இந்தத் தளம் தரையோடு எங்குமே பிணைக்கப்படுவதில்லை. 8 மி.மீ. அல்லது 12 மி.மீ. தடிமனுள்ள பலகைகள், ஒன்றின் ஓரத்தில் நீட்டிய நாக்கு மற்றொன்றின் ஓரப் பள்ளமான காடிக்குள் பூட்டிக்கொள்ள, அறை முழுவதும் ஒரே விரிப்பாகி, 2 அல்லது 3 மி.மீ. ஃபோம் மீது சும்மா கிடக்கின்றன. அதனால்தான் இதற்கு மிதக்கும் தளம் என்று பெயர். பலகையின் உள்ளுடல் மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்தது; காற்றில் ஈரம் ஏறினால் அது விரியும், ஏசியின் வறட்சியில் சுருங்கும். அந்த அசைவுக்காகவே நான்கு சுவர் ஓரத்திலும் 8 முதல் 12 மி.மீ. வரை இடைவெளி விடப்பட்டு, அது சுவரடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பட்டையால் மறைக்கப்படுகிறது. தளம் பக்கவாட்டில் நகர முடியாமல் நெருக்கப்பட்டாலும் சத்தம் வரும். அடியில் தாங்கல் இல்லாமல் தொங்கினாலும் சத்தம் வரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால், எது என்று பார்க்காமல் கைவைப்பதே மற்ற எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம்.

பார்ப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒருவர் மெதுவாக நடக்க, மற்றொருவர் குனிந்து காதுகொடுத்து, சத்தம் எழும் ஒவ்வோர் இடத்திலும் காகித டேப் ஒட்ட வேண்டும். பிறகு சுவரோரப் பலகையைக் காலால் அழுத்தினால், ஸ்கர்ட்டிங்குக்கும் பலகைக்கும் நடுவே ஒரு கோடு திறந்து மூடுவது தெரிந்தால், அடியில் குழி இருக்கிறது. அழுத்தினாலும் அசையாமல், விண்ணென்று இறுகி நின்று, ஈரமான நாட்களில் மட்டும் படபடவென்று வெடிப்பதுபோல் ஒலித்தால், விளிம்பு எங்கோ முட்டிக்கொண்டிருக்கிறது. டேப் ஒட்டிய இடங்கள் ஒரே நேர்கோட்டில் விழுந்தால், அது பெரும்பாலும் ஒரு மூட்டுவரிசை.

முட்டிக்கொள்வதற்கு இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தளம் போட்டவர்கள் அல்லர், அதற்குப் பின் வந்தவர்கள். பூச்சுவேலைக்கு வந்தவர் இடைவெளியை அழுக்கு சேரும் ஓட்டை என்று நினைத்துச் சுவருக்குப் பூசும் பட்டியால் (putty) அடைத்துவிடுவார். பெயின்டர் சிலிகானை ஓட விடுவார். ஸ்கர்ட்டிங் பொருத்துபவர் அதைச் சுவரில் அறையாமல் தளத்தோடு சேர்த்து அறைந்துவிடுவார். மே மாத ஏசி அறையில் எல்லாம் சரியாகவே இருக்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஜன்னல்கள் திறந்து கிடக்கும்போதுதான் பலகைகள் விரிந்து சுவரைத் தொடும். மூட்டுகள் கூரை முகடுபோல் லேசாக மேலெழும். அப்போது ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, உள்ளே கிடக்கும் சிமென்ட் கட்டிகளைச் சுரண்டி எடுத்து, சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் பலகை விளிம்பை அறுத்துவிட்டால் போதும். நிலைப்படியின் அடியில் பார்க்க மறக்கக்கூடாது. அங்கே மரச்சட்டத்தை அறுத்துப் பலகையை உள்ளே செலுத்தாமல், முட்டும்படி வெட்டி வைத்திருப்பது மிகச் சாதாரணம்.

எங்கள் வீட்டுப் படுக்கையறையில் சத்தம் அறையின் நடுவே வந்தது. இரண்டு வாரம் அந்த நான்கைந்து பலகைகளையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் பார்த்தால், காரணம் மூன்று மீட்டர் தள்ளியிருந்தது: இழுப்புக் கதவு வைத்த அலமாரியின் கீழ்த் தண்டவாளம், தளத்தைத் துளைத்து அடியில் உள்ள டைல்ஸ்வரை மூன்று ஸ்குருக்களால் இறுக்கப்பட்டிருந்தது. எதிர்ச்சுவரில் நிறையப் புத்தகங்களோடு ஓர் இரும்பு பீரோ. இரு பக்கமும் கட்டப்பட்ட தளம், நடுவில்தானே முனகும்? கனமான பொருள் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தளம் எதிர்ப்பக்கம் விரிந்துகொள்ளும். இரு பக்கமும் பிடித்துக்கொண்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. தண்டவாளத்தை ஒட்டித் தளத்தை அறுத்தெடுத்து, தண்டவாளத்தைப் பழைய டைல்ஸின் மீதே பதித்தோம். அன்றே பாதி அடங்கியது. கதவு இடிக்காமலிருக்கத் தரையில் திருகும் குமிழும் இதே வேலையைச் செய்யும்; அதைச் சுவரில் பொருத்துவது நல்லது.

அடியில் குழி இருப்பதற்கு மேலிருந்து செய்யக்கூடிய நேர்த்தியான வைத்தியம் இல்லை. 2 மீட்டர் நீள மட்டப் பலகையை வைத்துப் பார்த்தால் சுமார் 3 மி.மீ.க்கு மேல் பள்ளமோ மேடோ இருக்கக்கூடாது; அதைத் தளம் போடும் முன்பே சாணைபிடித்தோ சமப்படுத்தும் கலவை ஊற்றியோ சரிசெய்திருக்க வேண்டும். ஃபோம் அதை ஈடுகட்டிவிடும் என்று நினைத்து இரண்டு அடுக்கு விரிப்பவர்கள் உண்டு. மெத்தைபோல் ஆன அடித்தளத்தில் ஒவ்வோர் அடியிலும் நாக்கு காடிக்குள் வளைந்து வளைந்து, நாளடைவில் முறிந்தே போகும். பலகையில் துளையிட்டுப் பசையோ விரியும் ஃபோமோ செலுத்தலாம் என்று சொல்லப்படுவதையும் நம்பவேண்டாம்; அது தரையில் ஒட்டிப் போட்ட தளங்களுக்கான முறை. மிதக்கும் தளத்தில் செலுத்தினால் அந்த ஓரிடம் தரையோடு ஒட்டிக்கொண்டு, நீங்களே ஒரு ஸ்குரு போட்டதற்குச் சமமாகிவிடும். டைல்ஸ் மேல் போட்ட தளமாக இருந்தால், பெயர்ந்த டைல்ஸே கீழே ஆடிக்கொண்டிருக்கவும் கூடும். அப்போது பலகையைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

எண்ணெய், துருநீக்கி ஸ்ப்ரே, தண்ணீர் கலந்த பசை ஆகியவற்றை மூட்டில் விடுவது இன்னொரு வழக்கம். எண்ணெய் தூசியைச் சேர்த்துக் கறுப்புக் கோடாக்கும்; நீர் உள்ளுடலை உப்பவைக்கும், உப்பிய விளிம்பு திரும்ப அடங்காது. தளர்ந்த மூட்டு ஒன்றோடொன்று உரசும் சிறு சத்தத்துக்கு முகப்பவுடரையோ கிராஃபைட் தூளையோ தூவித் தூரிகையால் உள்ளே தள்ளிப் பார்க்கலாம். சில மாதங்கள் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சொட்டச் சொட்டத் துடைப்பதை நிறுத்துவது அதைவிடப் பயன்தரும்.

புதிதாகப் போட்ட தளம் முதல் சில வாரங்கள் சிணுங்குவது இயல்பு, அதற்காக யாரையும் உடனே அழைக்க வேண்டியதில்லை. பலகைப் பெட்டிகளை அறையில் 48 மணி நேரம் படுக்கவைத்து அந்தக் காற்றுக்குப் பழகவிடாமல், லாரியிலிருந்து இறக்கிய கையோடு போட்டிருந்தால் இந்தச் சிணுங்கல் நீளும். ஏசி அறையும் கூடமும் வாசற்படியில் இணைப்புப் பட்டை இல்லாமல் ஒரே விரிப்பாகப் போடப்பட்டிருந்தாலோ, ஒரு பக்கம் சுருங்க மறுபக்கம் விரிய, சத்தம் நிரந்தரமாகிவிடும். அங்கே தளத்தை அறுத்துப் பட்டை வைப்பதே வழி.

பலகைகளைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றால், சத்தம் வரும் இடத்துக்கு மிக அருகிலுள்ள சுவரிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பலகைக்கும் டேப்பில் எண் எழுதி, வரிசை குலையாமல் அடுக்க வேண்டும். நாக்கு உடைந்த பலகையைத் தேய்த்துப் பசையிட்டுத் திரும்பப் போடாமல் மாற்றிவிடுங்கள். தளம் போட்டபோது மிச்சமான இரண்டு மூன்று பலகைகள் பரணில் கிடந்தால், அவற்றை வெளியே எடுக்க வேண்டிய நாள் இதுதான்.