மென்பொருள் சோதனைக்கு எத்தனை ஆள்-நாள் தேவை: கணக்கிடும் முறை

கேரளத்தின் பாலக்காட்டு எல்லையோர ஊரான கொழிஞ்சாம்பாறையில் உள்ள ஒரு சிறு குழு, கேரள-தமிழ்நாட்டு எல்லையின் இருபுறமும் தென்னைநார், கயிறு வியாபாரம் செய்பவர்களுக்காக ஒரு பில்லிங் மென்பொருளை உருவாக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் பொள்ளாச்சியிலும், மீதிப் பேர் வேலந்தாவளம், பாலக்காட்டுச் சித்தூர்ப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். "டெஸ்டிங்குக்கு எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டால், புரோகிராம் எழுத ஆகும் நாளில் மூன்றில் ஒரு பங்கு என்று சொல்லிவிடுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. இந்த விகிதத்தை நம்பக்கூடாது. எழுதுவதற்குச் சில வரிகளே தேவைப்படும் ஒரு விதியைச் சோதிக்க இரண்டு நாள் ஆகலாம்; பல நாள் உழைத்து எழுதிய ஒரு திரையை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம். ஆகவே, ஆள்-நாள் (ஒருவர் ஒரு நாளில் செய்யும் வேலை) கணக்கை, சோதிக்க வேண்டியவற்றை எண்ணுவதிலிருந்தே தொடங்க வேண்டும்.

எண்ணுவது என்றால் திரைகளை எண்ணுவது அல்ல, நிலைமைகளை எண்ணுவது. ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மாநிலத்தவராக இருந்தால் வரி மத்திய, மாநிலப் பங்குகளாகப் பிரியும். இல்லையென்றால் ஒருங்கிணைந்த வரியாக விழும். இதைப் படிப்பவருக்கு இரண்டு டெஸ்ட் கேஸ் (ஒரு நிலைமையைச் சோதிக்கும் ஒரு தனிச் சோதனை) போதும் என்று தோன்றும். ஆனால் சித்தூர் வியாபாரி பொள்ளாச்சிக்காரர் பெயருக்குப் பில் போட்டு, அவர் சொன்னபடி சரக்கைப் பாலக்காட்டில் இறக்கினால், சரக்கு கேரளத்தை விட்டு வெளியே போகாவிட்டாலும் ஒருங்கிணைந்த வரிதான் வரும். ஒரே முதலாளிக்கு இரு மாநிலங்களிலும் தனித்தனிப் பதிவு இருந்தால், தன் கிடங்கிலிருந்து தன் கடைக்கு அனுப்புவதும் வரிக்கு உட்பட்டதாகிறது. சரக்கை அனுப்பும்போது இணையத்தில் எடுக்கும் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில்லுக்கு வந்தால், மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கின் மதிப்பு வரியோடு சேர்த்து 50,000 ரூபாயைத் தாண்டும்போது அது கட்டாயம். தமிழ்நாட்டுக்குள்ளேயே நடக்கும் போக்குவரத்துக்கு அந்த வரம்பு 1 லட்சம். எனவே 50,000 சரியாக, அதற்கு ஒரு ரூபாய் மேலே, வரி சேர்க்கும் முன் வரம்புக்குள் இருந்து சேர்த்த பின் தாண்டுவது என ஒவ்வொரு எல்லை மதிப்புக்கும் ஒரு கேஸ் வேண்டும். சாதாரணச் சரக்குக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் கணக்கிடப்படுவதால், 200-க்கும் 201-க்கும் தனித்தனியே வேண்டும். 2025 செப்டம்பர் 22 அன்று பல பொருள்களின் வரி விகிதம் மாறியது. அதற்கு முந்தைய பில்லுக்கு அதற்குப் பிந்தைய தேதியில் சரக்கு திரும்பி வந்தால், வரவுக் குறிப்பில் (கிரெடிட் நோட்) பழைய விகிதம் வருகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இப்படி எழுதிப் பார்த்த பிறகுதான் வேலையின் உண்மையான அளவு கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து, ஒரு கேஸுக்கு ஆகும் நேரத்தை ஊகிக்காமல் அளந்துகொள்ள வேண்டும். எளியவை, நடுத்தரமானவை, கடினமானவை எனக் கலந்து பத்துக் கேஸ்களை எடுத்து, உண்மையாகவே எழுதி, ஓட்டி, கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால் நம்பத்தகுந்த ஒரு சராசரி கிடைக்கும். உதாரணத்துக்கு, 240 கேஸ்கள், எழுத 12 நிமிடம், ஓட்ட 10 நிமிடம் என்று கொண்டால், எழுத 48 மணி நேரமும் முதல் சுற்றை ஓட்ட 40 மணி நேரமும் ஆகும். பெரும்பாலான மதிப்பீடுகள் இந்த 88 மணி நேரத்தோடு நின்றுவிடுகின்றன, தவறுவதும் இங்கேதான்.

முதல் சுற்றில் எல்லாம் சரியாக இருந்துவிட்டால் சோதனையே தேவையில்லை. ஆறில் ஒரு கேஸ் தோற்கும் என்று வைத்தால் 40 பிழைகள் வரும். ஒவ்வொன்றையும் மறுபடி வரவழைத்துப் பார்த்து, டெவலப்பருக்குப் புரியும்படி பதிவு செய்து, திருத்தி வந்தபின் மீண்டும் சோதிக்க 45 நிமிடம் என்றால், 30 மணி நேரம் கூடுகிறது. வரிக் கணக்கில் ஒரு திருத்தம் செய்தால் அது அச்சிடும் பகுதியைக் கெடுக்கலாம் என்பதால், முன்பு தேறியவற்றில் முக்கியமான 100 கேஸ்களை மறுபடியும் ஓட்ட வேண்டும். கேஸுக்கு 6 நிமிடம், இரண்டு சுற்று என்றால் 20 மணி நேரம். சுற்றுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது சோதிப்பவர் அல்ல, டெவலப்பர் தரும் திருத்தங்களின் தரம். ஆகையால் இந்த எண்ணை மட்டும் அதே குழுவின் முந்தைய புராஜெக்ட் பதிவிலிருந்து எடுப்பதே நல்லது.

தயாரிப்பு வேலைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். இ-வே பில் தளத்தின் சோதனைச் சூழலோடு இணைப்பு, இரு மாநில மாதிரி ஜிஎஸ்டி எண்கள், தமிழிலும் மலையாளத்திலும் பொருள் பெயர்கள் ஆகியவை முன்கூட்டியே வேண்டும். தெர்மல் பிரின்டர்கள் பலவற்றில் நம் மொழிகளின் எழுத்துரு இருக்காது. பில்லைப் படமாக மாற்றி அனுப்ப வேண்டியிருப்பதால், ஒவ்வொரு மாடலிலும் தனியே அச்சிட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு 16 மணி நேரமும், கூட்டம், அறிக்கை ஆகியவற்றுக்கு 16 மணி நேரமும் சேர்த்தால் மொத்தம் 170 மணி நேரம். ஒருவர் நாளுக்கு எட்டு மணி நேரம் அலுவலகத்தில் இருந்தாலும் உருப்படியாகச் சோதிப்பது ஆறு மணி நேரமே என்று கொண்டால், ஏறத்தாழ 28 ஆள்-நாள் வருகிறது.

பழக்கமில்லாத பகுதிக்கு ஒற்றை எண் சொல்வது ஆபத்து. அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான முறை இங்கே உதவும்: எல்லாம் நன்றாக நடந்தால் ஆகும் நாள், வழக்கமாக ஆகும் நாளைப் போல நான்கு மடங்கு, மோசமாக நடந்தால் ஆகும் நாள் ஆகிய மூன்றையும் கூட்டி ஆறால் வகுக்க வேண்டும். இ-வே பில் இணைப்புக்கு 3, 5, 13 நாள் என்று கொண்டால் விடை 6. கடைசி எண்ணுக்கும் முதல் எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை ஆறால் வகுத்தால் சுமார் 1.7, இது பெரிதாக இருந்தால், அந்தப் பகுதியைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டியிருக்கிறது என்று பொருள். மூன்று எண்களையும் ஒருவரே சொல்லாமல், இரண்டு பேர் ஒருவருக்கொருவர் காட்டாமல் எழுதி, பிறகு ஒப்பிட்டுப் பேசுவது நலம். மூத்தவர் முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் எண்ணும் அவர் பக்கமே சாய்ந்துவிடும்.

ஆள்-நாள் வேறு, நாட்காட்டி நாள் வேறு. 28 ஆள்-நாளை இருவருக்குப் பிரித்தால் 14 நாள் என்பது, இருவரும் ஒரே திருத்தத்துக்காகக் காத்திருக்காதபோது மட்டுமே உண்மை. எல்லைப் பகுதியில் விடுமுறைக் கணக்கும் இரட்டையாக இருக்கும்: ஓணத்துக்குக் குழு விடுப்பில் இருக்கும்போது பொள்ளாச்சிக் கடைகள் திறந்திருக்கும், பொங்கலுக்குச் சந்தேகம் கேட்கக்கூட அங்கே ஆள் கிடைக்காது, ஏப்ரல் நடுவில் புத்தாண்டும் விஷுவும் அடுத்தடுத்து வரலாம்.

மதிப்பீட்டை அனுப்பும்போது எண்ணுக்குக் கீழே அது நிற்கும் அனுமானங்களையும் எழுத வேண்டும்: எத்தனை சுற்று, எத்தனை பிரின்டர் மாடல், திருத்தம் எத்தனை நாளில் வரும், என்னென்ன சோதிக்கப்படாது. 28 ஆள்-நாளை 20 ஆக்கும்படி முதலாளி கேட்டால் எண்ணைக் குறைத்துக் கொடுக்கக்கூடாது. கேஸ் பட்டியலை முன்னால் வைத்து, எவற்றை விடலாம் என்று அவரையே குறிக்கச் சொல்ல வேண்டும். மலையாள அச்சை அடுத்த வெளியீட்டுக்குத் தள்ளலாம். வரியின் எல்லை மதிப்புகளைத் தள்ள முடியாது. முதல் சுற்று பாதி முடிந்ததும், ஆன நேரத்தையும் வந்த பிழைகளையும் வைத்து மீதிக்கு மறுபடி கணக்குப் போட்டு, மாறிய எண்ணை அன்றே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிட வேண்டும்.