தாலுகா மருத்துவமனையில் முதுகு, எலும்பு, பாத நோய்களை ஆராய்வது எப்படி?

கோபி, தாராபுரம், உடுமலை, பவானி போன்ற ஊர்களில் எலும்புப் பிரிவின் புறநோயாளிச் சீட்டுகளைச் சில வாரங்கள் தொடர்ந்து பார்த்தால், கொங்கு நாட்டின் தொழில்கள் பலவும் அவற்றில் தெரியும். விசைத்தறிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பவரின் குதிங்கால் வலி, பனியன் கம்பெனியில் குனிந்தே தைப்பவரின் கழுத்து வலி, லாரி ஓட்டுநரின் குறுக்கு வலி, சர்க்கரை நோயாளியின் ஆறாத கால்புண் என்று அவை வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை ஆய்வாக மாற்றப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. பெருநகர மருத்துவமனையில் ஒருமுறை காட்டிவிட்டுப் போகும் நோயாளி அடுத்த முறை வேறிடம் போய்விடலாம்; தாலுகா மருத்துவமனைக்கோ அதே நோயாளி மாத்திரைக்காகவாவது திரும்பி வருகிறார். சிறிய மருத்துவமனையின் பலம் இதுதான் என்பதால், ஆய்வையும் இதன் மேலேயே கட்ட வேண்டும்.

முதலில் தேட வேண்டியது நம் வார்டிலேயே விடை கிடைக்காமல் நிற்கும் கேள்வி. கோவை கங்கா மருத்துவமனையில் உருவான திறந்த காய மதிப்பெண் முறை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எலும்பு முறிந்து சதை கிழிந்த காலைக் காப்பாற்றலாமா, அகற்ற வேண்டுமா என்பதை அதுவரை வழக்கிலிருந்த வகைப்பாடு தெளிவாகச் சொல்லவில்லை. தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டு, நோயாளியின் உடல்நிலைச் சிக்கல் ஒவ்வொன்றுக்கும் 2 கூட்டும் அந்த முறை, 14 வரை வந்தால் காலைக் காக்க முயலலாம் என்றும், 17-ம் அதற்கு மேலும் வந்தால் அகற்றுவதே நல்லது என்றும் வழிகாட்டியது. விபத்துப் பிரிவில் அன்றாடம் எழுந்த தடுமாற்றத்திலிருந்து பிறந்த ஆய்வு அது.

கேள்வியைக் குறுக்குவதில் தயக்கம் காட்டக் கூடாது. “நெசவாளர்களின் முதுகு நோய்கள்” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது, “நம் மருத்துவமனைக்கு வரும் 30 முதல் 60 வயது வரையிலான விசைத்தறித் தொழிலாளர்களில், மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் குறுக்கு வலி எத்தனை பேருக்கு உள்ளது?” என்பது கேள்வி. அது சுமார் 30 விழுக்காடாக இருக்கும் என்று எதிர்பார்த்து, 5 விழுக்காடு கூடக் குறைய, 95 விழுக்காடு உறுதியுடன் கணக்கிட விரும்பினால் 323 பேர் வேண்டும். 7 விழுக்காடு வரை பிசகலாம் என்றால் 165 பேர் போதும். தொடர் கண்காணிப்பு உள்ள ஆய்வில், ஐந்தில் ஒருவர் வராமல் போவார் என்று வைத்துக்கொண்டு, 200 பேர் தேவையென்றால் 250 பேரைச் சேர்க்க வேண்டும்.

ஆய்வைத் தொடங்குமுன் நெறிமுறைக் குழுவின் அனுமதி கட்டாயம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகளின்படி, சொந்தக் குழு இல்லாத மருத்துவமனை, உடன்படிக்கை செய்துகொண்டு வேறொரு நிறுவனத்தின் குழுவை நாடலாம். புதிய மருந்துச் சோதனையானால் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் குறித்த 2019-ஆம் ஆண்டு விதிகள் கூடுதலாகப் பொருந்தும். அவற்றின்படி அந்தக் குழு, சோதனை நடக்கும் அதே நகரிலோ 50 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும். சிகிச்சையை ஒப்பிடும் சோதனை எதுவானாலும், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) தளத்தில் பதிவு செய்துவிட வேண்டும், கட்டணம் கிடையாது.

ஒப்புதல் படிவம் நோயாளி பேசும் தமிழில் இருக்கட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன் முழுவதையும் படித்துக் காட்டி, அதன் பிறகே கைரேகை வாங்க வேண்டும். “டாக்டர் சொன்னாச் சரிங்க” என்று படிவத்தைப் பார்க்காமலே பெருவிரலை நீட்டுபவரிடம்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஆய்வில் சேராவிட்டாலும் அவருடைய சிகிச்சையில் எந்த மாற்றமும் இருக்காது என்பதை அவர் தம் வாயால் திருப்பிச் சொல்லும் வரை அது ஒப்புதல் ஆகாது என்பது என் உறுதியான கருத்து. முதுகு வலியோடு காய்ச்சல், எடை குறைதல், இரவில் கூடும் வலி, சிறுநீர் அடக்க முடியாமை, கால் வலுவிழத்தல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், காசநோய், புற்றுநோய், நரம்பு நெருக்கம் ஆகியவற்றுக்கான பரிசோதனையே முதலில். ஆய்வுப் படிவத்தை அப்போது எடுக்கவே கூடாது.

அளவீட்டில்தான் பெரும்பாலான சிறு ஆய்வுகள் சறுக்குகின்றன. முதுகு வலிக்கு ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு என்னும் வினாப்பட்டியலைப் பயன்படுத்துவதானால், சொந்தமாக மொழிபெயர்க்க வேண்டாம். நம்பகத்தன்மை சோதிக்கப்பட்ட தமிழ் வடிவம் உள்ளது. பத்துப் பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, மொத்தம் 50. தாம்பத்திய உறவு பற்றிய பகுதியைப் பலர், குறிப்பாகப் பெண்கள், வெறுமையாக விடலாம். அவரை வற்புறுத்தவும் கூடாது, அங்கே பூஜ்யம் போடவும் கூடாது; மீதியுள்ள ஒன்பது பகுதிகளின் கூட்டுத்தொகையை 45-ஆல் வகுத்து விழுக்காடு காண வேண்டும்.

சர்க்கரை நோயாளியின் பாத உணர்வைச் சோதிக்க 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்னும் நைலான் இழை போதும், ஆனால் அதைக் கையாளும் விதம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். முதலில் நோயாளியின் கையில் தொட்டுக் காட்டி, எதை எதிர்பார்ப்பது என்று புரியவைத்த பின் கண்ணை மூடச் சொல்ல வேண்டும். கால் பெருவிரலின் தரையில் படும் பக்கம், உள்ளங்காலில் முதல் விரலுக்கும் ஐந்தாம் விரலுக்கும் கீழே மேடிட்ட இடங்கள் என மூன்று இடங்களில் இழையைச் செங்குத்தாக வைத்து, அது வளையும் அளவுக்கு அழுத்தி, இரண்டு நொடிக்குள் எடுத்துவிட வேண்டும். “தெரியுதுங்களா? எந்தக் கால்லங்க?” என்று கேட்டுப் பதிலைக் குறிக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் இருமுறை தொட்டு, ஒருமுறை தொடாமலே கேட்க வேண்டும். மூன்றில் இரண்டு சரியானால் அங்கே உணர்வு உண்டு. வெறுங்காலோடு காட்டு வேலை செய்தவரின் பாதத்தில் தோல் தடித்திருக்கும். காய்ப்பு, புண், வெடிப்பு உள்ள இடத்தை விட்டு ஓரமாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நரம்பின் கணக்கில் தோலின் தடிப்பு சேர்ந்துவிடும். ஒரே நாளில் பலமுறை பயன்படுத்தினால் இழை தற்காலிகமாக விறைப்பை இழக்கும் என்பதால் இரண்டு மூன்று இழைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது நல்லது.

படிவத்தில் நம் வட்டாரத்துக்கே உரிய சில கேள்விகளும் இருக்க வேண்டும். குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பது அவற்றில் முதன்மையானது. தருமபுரி, சேலம் பகுதிகளின் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு மிகுதி. இந்தியத் தர அளவு லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை. அதற்கு மேல் பல ஆண்டுகள் குடித்தவரின் முதுகு விறைப்பும் மூட்டு வலியும் வேறு முதுகெலும்பு நோய் போலவே தோன்றக்கூடும். ஆழ்குழாய் நீரா, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரா, எத்தனை ஆண்டுகளாக என்று கேட்காமல் செய்யும் முதுகு ஆய்வு அங்கே அரைகுறையானதே. எலும்பு முறிவானால், நாட்டுக் கட்டு எத்தனை நாள் போட்டிருந்தார் என்பதைக் கண்டிக்கும் தொனியின்றிக் கேட்க வேண்டும். கண்டித்தால் உண்மை வராது. பாத ஆய்வில், தைப்பூசத்துக்குப் பழனிக்கு வெறுங்காலில் நடந்தாரா, பண்ணாரியிலோ வேறு கோயிலிலோ குண்டம் இறங்கினாரா என்று கேட்க வேண்டும். உணர்வு இழந்த பாதம் சூட்டை அறியாது. வேண்டுதலை மதித்துக்கொண்டே அதை அவரிடம் சொல்லவும் இதுவே தருணம்.

மறுவருகை நாள்களை ஊரின் நாள்காட்டியைப் பார்த்தே குறிக்க வேண்டும். மஞ்சள் அறுவடைக் காலத்திலும் பண்டிகையை ஒட்டிய வாரங்களிலும் யாரும் வரமாட்டார்கள்; சந்தை நாளோடு சேர்த்துக் கொடுத்தால் வருவார்கள். வராதவரைத் தொலைபேசியில் விசாரிப்பதோடு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் களப்பணியாளர்கள் வழியாகவும் நிலையை அறியலாம். அதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்கூட்டியே சேர்த்து வாங்கிவிட வேண்டும்.

பதிவுகளில் பெயருக்குப் பதில் எண் மட்டும் இருக்கட்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனியே பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். ஆதார் எண் எதற்கும் தேவையில்லை. கணக்கீட்டுக்கு இலவச மென்பொருளே போதும். அறிக்கை எழுதும்போது இத்தகைய ஆய்வறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

அறிக்கையை இதழுக்கு அனுப்பும் முன், பாத உணர்வு இல்லை என்று ஆய்வில் தெரியவந்தவர்களின் பட்டியலைச் செவிலியரிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் அழைத்து உணர்வற்ற பாதத்தைக் காக்கும் மென்மையான ரப்பர் (எம்.சி.ஆர்.) செருப்புக்கு அளவெடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.