நடுவில் வெற்றிடம் தெரிந்தால் துருவத்தன்மை வந்துவிட்டதா?

எம்டிசிகே செல்களை (நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்த எபிதீலியச் செல்கள்) ஜெல்லில் வளர்க்கிறோம். நான்கைந்து நாளில் நடுவே வெற்றிடம் உள்ள உருண்டைகள் தெரிகின்றன. 'சரி, துருவத்தன்மை வந்துவிட்டது', அதாவது செல்களின் உச்சிப் பக்கம் வெற்றிடத்தையும் அடிப்பக்கம் ஜெல்லையும் நோக்கி அமைந்துவிட்டன என்று உடனே முடிவுகட்டுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஜெல்லே இல்லாமல் திரவத்தில் மிதக்கவிட்டாலும் இந்தச் செல்கள் இப்படி உருண்டை கட்டும். ஆனால் அங்கே உச்சிப் பக்கம் வெளிப்புறம் திரும்பியிருக்கும். எது வெளிப்பக்கம் என்பதைச் செல் பீட்டா-1 இன்டெக்ரின் என்ற தன் மேற்பரப்புப் புரதம் மூலம், சுற்றியுள்ள லாமினின் என்ற புரதத்தைத் தொட்டுத்தான் அறிகிறது. கொலாஜன் ஜெல்லிலேயே அந்த இன்டெக்ரினை ஆன்டிபாடியால் தடுத்தால் திசை தலைகீழாகிவிடும். அதனால் போடோகேலிக்சின் (உச்சிப் பக்கத்தைக் காட்டும் புரதம்), லாமினின் இரண்டுக்கும் சேர்த்தே சாயமிடுங்கள். முன்னது உள்ளே, பின்னது வெளியே இருந்தால்தான் நம்பலாம்.

இதற்கு நேர்மாறான அவசரமும் உண்டு. முதல் பிரிவு முடிந்து இரண்டு செல்லாக இருக்கும்போது போடோகேலிக்சின் வெளி விளிம்பில்தான் இருக்கும். அப்புறம்தான் அது உள்ளிழுக்கப்பட்டு, ராப்11 என்ற புரதம் தாங்கிய நுண்பைகளில் ஏறி, இரு செல்களும் ஒட்டும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கேதான் வெற்றிடம் திறக்கும். அந்த நேரத்துப் படத்தை வைத்து 'தலைகீழ்' என்று எழுதினால், இயல்பான ஒரு கட்டத்தைக் கோளாறாக்கிவிடுவோம். 12, 24, 48 மணி நேரம் என்று வளர்ப்புத் தட்டின் தனித்தனிக் கிணறுகளில் உள்ள செல்களை அந்தந்த நேரத்து நிலையிலேயே நிலைப்படுத்தி வைத்தால் இந்தக் குழப்பமே வராது.

விதைக்கும்போது செல்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல் விடுவதும் பெரிய தப்பு. கட்டியாக விழுந்தவை பல வெற்றிடங்கள் கொண்ட உருண்டையாக வளரும். துருவத்தன்மையை ஒழுங்குபடுத்தும் சிடிசி42 மரபணுவை அடக்கினாலும் பல வெற்றிடங்கள்தான் வரும். எது காரணம் என்று பிறகு பிரித்தறிய முடியாது. 40 மைக்ரான் வலையில் வடிகட்டி, விதைத்த கையோடு மைக்ராஸ்கோப்பில் ஒருமுறை பாருங்கள். இரட்டையாகக் கிடப்பவை அதிகமென்றால் அந்தத் தொகுப்பை விட்டுவிடலாம்.

மேட்ரிஜெல்லை (செல்களை வளர்க்கப் பயன்படும், லாமினின் நிறைந்த ஜெல்) இரவு முழுக்க ஐஸில் வைத்து உருக்குங்கள், பிப்பெட் முனைகளும் குளிர்ந்திருக்கட்டும். 10 டிகிரிக்கு மேல் போனால் அது இறுகத் தொடங்கும், ஜெல் திட்டுத்திட்டாகும்.

மேட்ரிஜெல்லில் கிடைத்த கால அளவைக் கொலாஜனுக்குப் பொருத்தவும் வேண்டாம். கொலாஜனில் துருவத்தன்மை மெதுவாக வரும், நடுச் செல்கள் இறந்தும் வெற்றிடம் உண்டாகும்.