பழைய எம்எக்ஸ்-5: பாகம் வாங்கும்போதும் பராமரிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முன் பிரேக் டிஸ்க் இரண்டும் வந்துசேர்ந்த அன்று மாலையே சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். டிஸ்க், சக்கரம் மாட்டும் நடுப்பகுதியான ஹப்பில் அழகாக உட்கார்ந்தது. நான்கு துளைகளும் சரி. பிரேக் பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரை மாட்டப்போனபோதுதான் இடித்தது. டேப்பை வைத்து அளந்தால் 255 மில்லிமீட்டர். என் வண்டிக்கு வேண்டியது 235.

இதில் கடைக்காரர்மேல் குற்றமில்லை. அவர் வருடம் கேட்டார், நான் வண்டியின் பதிவுப் பத்திரமான லாக்புக்கைப் பார்த்து 1996 என்றேன். அது வண்டி இங்கிலாந்தில் பதிவான வருடம். கப்பலேறி வருவதற்கு முன்பு அது ஜப்பானில் ஐந்து வருடம் ஓடியிருந்தது.

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதல் தலைமுறை வண்டி, அதாவது எழுந்து மடங்கும் ஹெட்லைட் வைத்தது, 1989 முதல் 1997 வரை வந்தது. அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். ஜப்பானிலும் ஸ்டீயரிங் வலப்பக்கம்தான் என்பதால் பழைய யூனோஸ்கள் இங்கே ஏராளமாக வந்திறங்கின. முதலில் 1.6 லிட்டர் எஞ்சின். 1993-இல் ஜப்பானில் 1.8 வந்தபோது எஞ்சின் மட்டும் மாறவில்லை. பிரேக் டிஸ்க் பெரிதானது, கிளட்ச் தட்டு 200-இலிருந்து 215 மில்லிமீட்டர் ஆனது, பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் கனமானது. இங்கிலாந்திலோ 1.8 வந்த பிறகும் 1.6-ஐ விற்றார்கள். ஆகவே வருடத்தை மட்டும் சொல்லி இந்த வண்டிக்குப் பாகம் கேட்கவே கூடாது. எஞ்சின் பக்கத்துத் தடுப்புச் சுவரில் இருக்கும் தகட்டைப் பாருங்கள்: யூனோஸில் என்ஏ6சிஇ என்றிருந்தால் 1.6, என்ஏ8சி என்றிருந்தால் 1.8. அதற்கப்புறமும் ஒரு சந்தேகம் உண்டு. முப்பது வருடத்தில் யாராவது 1.8-இன் பிரேக்கை 1.6-இல் மாட்டியிருக்கலாம். கழற்றி அளந்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது.

சரி, டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடலாம், தபால் செலவோடு போகும். திருப்பி அனுப்ப முடியாத தவறு வேறு ஒன்று இருக்கிறது. இந்த வண்டியை வாங்கும் பலர் முதல் மாதத்தில் புதுக் கூரைத்துணி போடுவார்கள், மர ஸ்டீயரிங் தேடுவார்கள், பெரிய அலாய் சக்கரம் மாட்டுவார்கள். கண்ணில் படுகிற இடமெல்லாம் பளபளக்கும். வண்டி கெட்டுக்கொண்டிருப்பது கண்ணில் படாத இடத்தில்.

கூரைத்துணியின் பின்பக்கம் விழும் மழைநீர் வெளியே வழிவதில்லை. இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் இருக்கும் துளைகள் வழியாகக் குழாயில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் வண்டியின் அடியில் சொட்டும். ஒரு இலையுதிர் காலம் மரத்தடியில் நிறுத்தினால் போதும், சருகும் தூசியும் சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கதவுக்கடியில் ஓடும் பெட்டிச்சட்டத்துக்குள் போய் அங்கேயே தங்கிவிடும். இங்கே சாலையில் குளிர்காலத்தில் உப்பு வேறு தூவுகிறார்கள். யூனோஸ்களுக்கு ஜப்பானில் அடிப்பூச்சும் இந்த அளவுக்குப் போட்டு அனுப்பவில்லை. கூரையில்லாத வண்டிக்கு முதுகெலும்பே அந்தச் சட்டம்தான். பின்சக்கர வளைவுக்கு முன்னால், கீழ்மூலையில், பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்தால் உள்ளே அது எப்போதோ ஓட்டையாகியிருக்கும்.

பரிசோதனைக்குச் செலவே இல்லை. ஒரு தம்ளர் தண்ணீரை அந்த மூலையில் மெல்ல ஊற்றிவிட்டுக் குனிந்து பாருங்கள். உடனே கீழே சொட்டினால் நல்லது. சொட்டாவிட்டால் கம்பியை விட்டுக் குத்தாதீர்கள், குழாய் கிழிந்துவிடும் அல்லது கழன்றுவிடும், அப்புறம் நிலைமை முன்பைவிட மோசம். புல்வெட்டியில் போடும் நைலான் நரம்பு இதற்கு மிகப் பொருத்தம். வருடத்துக்கு இரண்டு முறை. துருவை வெட்டாமல் மேலே தகடு வைத்து ஒட்டி, கறுப்புப் பூச்சு அடித்து விற்கும் வண்டிகளும் உண்டு. அடிப்பக்கம் மட்டும் புத்தம்புதிதாகக் கறுத்திருந்தால் எனக்கு அதுவே சந்தேகம்.

ஜாக்கி வைப்பதிலும் கவனம் வேண்டும். அடியில் முன்னும் பின்னுமாக ஓடும் நீளச் சட்டம் பார்க்க உறுதியாக இருக்கும், ஆனால் மெல்லிய தகடு. ஜாக்கியை அதில் வைத்தால் நசுங்கும். அப்படி நசுங்காத எம்எக்ஸ்-5 நான் அதிகம் பார்த்ததில்லை.

பின் பிரேக்குக்கு வருவோம். இந்த வண்டியில் ஹேண்ட்பிரேக் பின் காலிப்பருக்குள்ளேயே வேலை செய்கிறது. புதுப் பேட் போடுவதற்கு முன் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும் அல்லவா? முன் சக்கரத்தில் செய்ததுபோல இங்கேயும் கிளாம்ப் வைத்து அழுத்துவார்கள். நகராது. இன்னும் பலமாக அழுத்துவார்கள். உள்ளே இருக்கும் திருகு அமைப்பு உடையும், ஒரு காலிப்பர் காலி. சரியான வழி இது: காலிப்பரின் பின்புறம் ஒரு மூடி போல்ட் இருக்கிறது, 14 ஸ்பேனர் போகும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழையும் குழி. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். பேட் போட்டபின் மறுதிசையில் திருப்பி, பேட் டிஸ்க்கைத் தொட்டதும் மூன்றில் ஒரு சுற்று பின்னால் விடுங்கள். ஹேண்ட்பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை இறுக்கிக்கொண்டே போகிறவர்களுக்கும் மருந்து இதுதான்.

வால்வுகளைப் பிஸ்டனோடு தாளம் தப்பாமல் இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வு பிஸ்டனில் மோதி நாசமாகும். இந்த எஞ்சினில் மோதாது, நடுரோட்டில் நிற்பதோடு சரி. அந்தத் தைரியத்தில்தான் பலர் 60,000 மைல் கடந்தும் மாற்றாமல் ஓட்டுகிறார்கள். ஆனால் மாற்றும்போது நடக்கும் தவறுதான் பெரிது. 1991 வாக்கில் முடிந்த ஆரம்பகால 1.6-களில், எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனை குட்டையானது. முன்னால் இருக்கும் கப்பியில் நான்கு பள்ளம் இருந்தால் அந்த வகை, எட்டு இருந்தால் பிற்காலத்தது. குட்டை முனையில் நடு போல்ட்டைக் கைக்கணக்கில் இறுக்கினால் கப்பியைத் தண்டோடு பூட்டும் சிறு உலோகச் சாவியும் அது உட்காரும் பள்ளமும் தேயத் தொடங்கும், கப்பி ஆடும், கடைசியில் கிராங்க் ஷாஃப்ட்டே போகும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாத மெக்கானிக்கிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். அதேசமயம் அவ்வளவும் பிரித்தபின் பழைய தண்ணீர் பம்பையும் ஆயில் சீல்களையும் அப்படியே விட்டு மூடுவது சிக்கனமல்ல.

ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். அது பழுப்பாகிவிட்டதா? விரிசல் வரும் வரை காத்திருக்க வேண்டாம். பேட்டரி டிக்கியில் இருக்கிறது. ஆவியை வெளியே கொண்டுபோகும் குழாய் மாட்டமுடியாத சாதாரண பேட்டரியை அங்கே வைத்தால் ஆசிட் ஆவி தகட்டைத் தின்னும். கியர்பாக்ஸுக்கு நான் ஜிஎல்-4 தர ஆயில்தான் விடுவேன். ஜிஎல்-5-இன் கூடுதல் சேர்மானம் டிஃபரன்ஷியலின் பற்களுக்கானது. காலையில் இரண்டாவது கியர் உறுமினால் உடனே கியர்பாக்ஸை இறக்கச் சொல்பவரை நம்பாதீர்கள், சூடேறும் வரை இந்த வண்டிகளுக்கு அந்தக் குணம் உண்டு. கிளட்ச் பெடல் கீழே போனால் முதலில், கியர்பாக்ஸ் பக்கம் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அதையும் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லாவிட்டால் புது ஸ்லேவ் போட்ட சில வாரத்தில் பழைய மாஸ்டர் ஒழுகும்.

கம்பெனி பாகமா, வெளிப்பாகமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. முதல் தலைமுறை வண்டிகளைப் புதுப்பிக்கும் திட்டத்தை மாஸ்டாவே 2017-இல் ஜப்பானில் அறிவித்து, நின்றுபோன பாகங்கள் சிலவற்றை மறுபடி செய்யத் தொடங்கியது. நார்டி நிறுவன மர ஸ்டீயரிங்கும் கூரைத்துணியும் அதில் உண்டு. என் கணக்கு இப்படி: தெர்மோஸ்டாட், சென்சார், சீல், ஓ-ரிங் இவற்றில் பேரம் பேசுவதில்லை, கம்பெனிச் சரக்குதான். டிஸ்க், பேட், ரேடியேட்டருக்கு நல்ல பெயருள்ள வெளிப்பாகம் போதும். ஹெட்லைட் மோட்டார், கதவுக் கைப்பிடி, விளக்குக் கண்ணாடி எல்லாம் உடைத்த வண்டியிலிருந்து எடுத்தாலும் குறையில்லை. ரப்பரையும் பிரேக் ஹோஸையும் மட்டும் அங்கிருந்து எடுக்காதீர்கள். அதுவும் முப்பது வயதுதான்.

சஸ்பென்ஷன் மூட்டுகளில் இருக்கும் மெத்தை வளையமான புஷ்ஷையும் இதே காரணத்துக்காக மாற்ற வேண்டியிருக்கும். பாலியூரித்தேன் புஷ் நீடிக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கிறீச்சிடும், சிறு பள்ளமும் முதுகில் தெரியும். அன்றாடம் ஓட்டும் வண்டிக்கு நான் ரப்பரைத்தான் சொல்வேன். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது ரப்பர் புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டு இறக்கினால், ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் கிழியும். போல்ட்டைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரம் மாட்டி, வண்டியைக் கீழே இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிய பிறகே அடியில் புகுந்து கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். இடம் போதாது, கை வலிக்கும், முழங்கையில் தோல் உரியும். என் வண்டிக்கு அது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தின்றது.