பழைய பங்களாத் தோட்டத்தை மீட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் பழைய தோட்ட பங்களா கைக்கு வந்ததும் பலர் முதலில் கூப்பிடுவது ஜேசிபிக்காரரைத்தான். தண்ணீர் விட மறந்தது, செடிகளை நெருக்கி நட்டது எல்லாம் பட்டால் தானே புரியும். பட்டும் புரியாதவை மட்டும் இங்கே.

மரத்தடியில் மண் ஏற்றுவது

பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, வாசல் பள்ளமாகி மழைத்தண்ணீர் உள்ளே வருகிறது. உடனே நாலு லோடு ரப்பிஷ் (இடித்த கட்டடக் கழிவு) கொட்டி, மேலே செம்மண் பரப்பி, புல் பதித்துவிடுகிறார்கள். பார்க்க அழகுதான். நடுவில் நிற்கும் கிழட்டு மகிழமரத்துக்கு அன்றே நாள் குறித்தாயிற்று.

சத்து உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண் ஒன்றரை அடிக்குள்தான் இருக்கிறது. அதற்குக் காற்று வேண்டும். ஒரு அடி ரப்பிஷ் இறுகினால் மூச்சு முட்டும். அதிலுள்ள சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்க, மரத்தால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. தளிரில் நரம்பு பச்சையாகவும் மற்றதெல்லாம் மஞ்சளாகவும் வரும். புதைந்த பட்டை ஈரத்தில் ஊறி அழுகும். எரிச்சல் என்னவென்றால், மரம் உடனே சாகாது. மூன்று நாலு வருஷம் இழுத்துக்கொண்டு கிடக்கும். உச்சிக்கிளை காயும்போது "வயசாயிடுச்சு சார்" என்பார் மேஸ்திரி, எல்லோரும் தலையாட்டுவார்கள். கொட்டிய ரப்பிஷ் யாருக்கும் ஞாபகம் வராது. வர்தா மாதிரி ஒரு புயல் வந்தால் காம்பவுண்டுச் சுவரையும் சேர்த்துச் சாய்த்துவிடும்.

அடிமரம் தரையைத் தொடும் இடத்தில் அகன்று விரிய வேண்டும். கரண்ட் கம்பம் போல நேராக இறங்கினால் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகஸ்ட், செப்டம்பரில், அடிமரத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஏற்றிய மண்ணைக் கைக்கொத்தால் மட்டும் எடுங்கள். விரிவு தெரிந்ததும் நிறுத்தி, சுற்றிலும் குறைந்தது ஐந்தாறு அடிக்குப் பழைய மட்டத்தைக் கொண்டுவாருங்கள். மேட்டை சிமென்ட் இல்லாமல் அடுக்கிய செங்கல் தாங்கிக்கொள்ளும். தெருத்தண்ணீருக்கு வழி வேறு: கேட்டுக்குள் குறுக்கே கம்பி மூடிய வாய்க்கால், கிளைப்பரப்புக்கு வெளியே ஒரு மழைநீர்க் குழி.

அளக்காமல் புதர் வெட்டுவது

பழைய பாதையோரம் செங்குத்தாகப் பதித்த செங்கல், அரையடி மண்ணுக்குள் இருக்கலாம். மெல்லிய கம்பியால் அடிக்கு ஒரு குத்து; 'டங்' என்றால் குச்சி நட்டு வரைந்துகொள்ளுங்கள். லில்லிக் கிழங்குகள் மழைக்குத்தான் தலைகாட்டும். ஒரு வடகிழக்குப் பருவமழை பார்க்காமல் பாத்தி எதையும் கிளறாதீர்கள்.

ஆழமாக போர்வெல் போடுவது

கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத்தண்ணீர் மேல் மிதக்கிறது. ஆழம் போகப் போக உப்புதான் ஏறும். பழைய கிணற்றைத் தூர்வாரி, கொஞ்சம் கொஞ்சமாக இறையுங்கள். டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் தாண்டினால் மாமரத்துக்கு ஆகாது; இலை ஓரம் கருகும்.

அடிமரம் வரை பேவர் பிளாக்

வேண்டவே வேண்டாம்.

சுண்ணாம்புக் காரை மேல் சிமென்ட்

திண்ணை, தூண் எதுவானாலும் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று. சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே மாட்டிக்கொள்ளும். பூச்சு நிற்கும், பின்னால் செங்கல் பொடியும்.